அண்ணனுக்கு எதிரான சாட்சி

அண்ணன் கொத்தனாரை வெட்டியபோது நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி இருக்கும். காலையில் சபையில் திருவிருந்து எடுத்துவிட்டு வந்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு எல்லோரும் கண் அயர்ந்திருந்த நேரம்.

பாறசாலையிலிருந்து கொல்லயில் பக்கம் போகும் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. பின்வீட்டில் அந்தக் கொத்தனாரும் அவர் மனைவியும். அவர்கள் ரோட்டுக்கு வர எங்கள் மதிலை ஒட்டி நாலடி அகலத்தில் ஒரு நடைவழி உண்டு. அந்த நாலடி யாருடையது என்பதில் இரண்டு வருடமாகச் சண்டை. அண்ணன் அதில் முள் வெட்டிப் போடுவான். கொத்தனார் எடுத்து எறிவார். கடைசியில் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். வழி கொத்தனாருடையதுதான் என்று சொல்லி ஒரு கல்லை நாட்டிவிட்டுப் போனார். அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை முழுவதும் அண்ணன் யாரிடமும் பேசவில்லை.

ஞாயிறு மதியம் கொத்தனார் குத்தவைத்து உட்கார்ந்து, அந்தக் கல்லைச் சுற்றி மண்ணை வெறும் கையால் அமர்த்திக்கொண்டிருந்தார். கல் கொஞ்சம் ஆடியிருக்க வேண்டும். அண்ணன் அடுக்களை வாசல் வழியாக வெளியே வந்தான். கையில் விறகு பிளக்கும் வெட்டுகத்தி. அவன் ஓடவில்லை, கத்தவில்லை. தென்னைக்குத் தடம் எடுக்கப் போகிறவன் மாதிரி நடந்துபோனான். அதனால்தான் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

முதல் வெட்டு தோளில் விழுந்தது. கொத்தனார் "அய்யோ" என்றுகூடச் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது வெட்டைத் தடுக்க வலது கையைத் தூக்கினார். கத்தி மணிக்கட்டில் இறங்கியது. கை முழுதாக விழவில்லை. கொஞ்சம் தோலில் தொங்கியது. அவர் அதை இடது கையால் பிடித்து, பழைய இடத்தில் வைக்கப் பார்த்தார். அண்ணன் மூன்றாவது முறை ஓங்கினான்.

நான் எப்போது ஓடினேன் என்று தெரியாது. கொத்தனார் மேல் விழுந்து கிடந்தேன்.

"மாறுட்டீ! உனக்கும் கிட்டும்!" என்றான் அண்ணன். கத்தி என் தலைக்கு மேலே நின்றது. அவன் முகத்தைப் பார்த்தேன். பத்து வயது மூத்தவன். அப்பா இறந்த பிறகு, டெம்போ ஓட்டி எங்களை வளர்த்தவன். எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது இடுப்புத் தண்ணீரில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்தவன். என்னை டைப்ரைட்டிங் படிக்க வைத்தவன். அந்த முகத்தில் எனக்குத் தெரிந்தது எதுவும் இல்லை.

கொத்தனாரின் மனைவி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அப்போதுதான் அண்ணன் கத்தியைக் கீழே போட்டான். நைட்டிக்கு மேலே போட்டிருந்த தோர்த்துத் துண்டை உருவி, முழங்கைக்குக் கீழே என்னால் முடிந்த மட்டும் இறுக்கிக் கட்டினேன். தோர்த்து உடனே நனைந்து கனத்தது. எங்கள் வீட்டுப் படியில் அண்ணனின் மூத்த மகள் நின்றுகொண்டிருந்தாள். எட்டு வயது. அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தாள்.

ஜீப்பில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி. அங்கிருந்து திருவனந்தபுரம். கையைச் சேர்க்க முடியவில்லை. நெய்யாற்றின்கரையிலேயே ஒரு போலீஸ்காரர் வராந்தாவில் வைத்து என்னிடம் கேட்டார், யார் வெட்டியது என்று. சொன்னேன். எதனால், எத்தனை வெட்டு, கொத்தனார் கையில் என்ன இருந்தது என்று கேட்டார். ஒன்றும் இல்லை, மண்தான் இருந்தது என்றேன். அவர் எழுதினார். வாசித்துப் பார்த்து ஒப்பு போட்டேன். என் விரல் பட்ட இடமெல்லாம் தாளில் சிவந்தது.

அன்று நான் எடுத்தது முடிவு அல்ல. கேட்டார், சொன்னேன், அவ்வளவுதான். முடிவு எடுக்க வேண்டிய காலம் பிறகு வந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா வாசலிலேயே என் முடியைப் பிடித்தாள். தலையை மதிலில் மோதினாள். "சொந்தம் கூடப்பிறந்தவனை ஒற்று கொடுத்திட்டு வந்திருக்குதியே, நீ எனக்க வயித்திலேயா பிறந்த?" என்றாள். நெற்றி கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. மைனி, அதாவது அண்ணன் மனைவி, ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். அண்ணனை அன்று சாயங்காலமே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜாமீன் கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் மாமா, அம்மாவின் தம்பி, வக்கீலைப் பார்த்துவிட்டு வந்து என்னை உட்கார வைத்துப் பேசினார்.

"மக்கா, வக்கீலு சொல்லுதது இதாக்கும். வெட்டினதைக் கண்டது நீயும் கொத்தனுக்க பெண்டாட்டியும். வெட்டுப்பட்டவனும் அவனுக்க பெண்டாட்டியும் வழித்தகராறில எதிராளிகள், அவங்க சொல்லு அவ்வளவு நிக்காது. நீ ஒருத்தி கூறு மாறினா போதும், கேசு தீர்ந்து."

"என்னண்ணு மாத்திச் சொல்லணும் மாமா?"

"கொத்தன் கம்பிப்பாரையோட அடிக்க வந்தான். உன்னையும் அடிக்கப் போனான். அண்ணன் தடுத்தான். அதுக்கிடையில வெட்டு விழுந்து. அம்பிடும் போதும்."

நான் சரி என்றேன். இதை மறைத்து எழுதினால் மற்றது எல்லாம் பொய்யாகிவிடும். நான் சரி என்றுதான் சொன்னேன். அண்ணன் ஜெயிலுக்குப் போனால் மைனியும் இரண்டு பெண்பிள்ளைகளும் என்ன ஆவார்கள் என்று நினைத்தேன். கொத்தனாருக்குக் கை இனி வராது. இன்னொரு குடும்பமும் எதற்கு அழிய வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்கு நல்ல தூக்கம்கூட வந்தது.

அண்ணன் ஜாமீனில் வந்தான். முதல் வாரம் என் காலைப் பிடித்து அழுதான். இரண்டாவது வாரம் அழுகை நின்றது. அதற்குப் பிறகு அவனுக்கு எல்லோர் மேலும் சந்தேகம். தினமும் ஸ்டேஷனில் போய் ஒப்பு போட்டுவிட்டு வந்து, அந்த அவமானத்தை மைனியின் முதுகில் இறக்குவான். சோறு சூடாக இருந்தால் அடி, ஆறியிருந்தால் அடி. ஒருநாள் சட்டியோடு மீன்கறியை அவள் தோளில் எறிந்தான். தோல் உரிந்து வந்தது. நான் இடையில் போனேன். எனக்கும் வயிற்றில் ஓர் உதை. அம்மா அடுத்த அறையில் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்படியே ஒரு வருடம் போயிற்று. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. மாமா மறுபடியும் வந்து எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பாரை எந்தக் கையில் இருந்தது, கொத்தனார் என்ன சொல்லிக் கத்தினார், நான் எங்கே நின்றேன். ஸ்கூல் பாடம் மாதிரி கேட்பார், நான் ஒப்பிப்பேன். அண்ணனின் மூத்த மகள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருப்பாள்.

ஒரு சனிக்கிழமை நான் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

"மாமி, கொத்தனார் மாமன் பாரையோடதானே வந்தாரு?"

"யாரு சொன்னா?"

"நான் கண்டேன். வலக்கையில வச்சிருந்தாரு. 'கொல்லுவேன்'னு விளிச்சாரு. நான் பேடிச்சுப் போனேன்."

அவள் பொய் சொல்லவில்லை. முகத்தில் உண்மையான பயம் இருந்தது. ஒரு வருடமாக வீட்டில் எல்லோரும் சொல்லக் கேட்டுக் கேட்டு, தான் கண்டதை அழித்துவிட்டு, எங்கள் பொய்யைத் தன் கண்ணால் கண்டதாக வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் எங்கேயோ ஒரு சின்ன ஐயம் மிச்சம் இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் என்னிடம் வந்து கேட்டிருக்கமாட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மக்கா," என்றேன். "பாரை இல்ல. அவரு மண்ணு அமத்திட்டு இருந்தாரு. நீ கண்டது அதாக்கும்."

"அப்போ அப்பா சும்மாவா வெட்டினாரு?"

"ஆமா."

சொன்ன உடனே எனக்குள் ஏதோ நின்றுபோயிற்று. ஒரு வருடமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்த கூட்டலும் கழித்தலும் நின்றன. கோர்ட்டில் என்ன சொல்லப் போகிறேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. பிற்காலத்தில் சிலர் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது என்று. என்னிடம் முன்கூட்டி எதுவும் இருக்கவில்லை. அந்தக் குழந்தையிடம் 'இல்லை' என்று சொன்ன பிறகுதான் வந்தது.

அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மகளைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினான். என்னிடம் வந்தான்.

"எந்தக் கை கொண்டு ஒப்பு போட்ட?"

என் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் கதவு நிலையில் வைத்தான். மணிக்கட்டை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மறு கையால் கதவை அடித்துச் சாத்தினான். பலாத் தடியில் செய்த கதவு. முதல் அடியில் சுண்டுவிரல் ஒடிந்தது. இரண்டாவது அடியில் மோதிரவிரல். அந்தச் சத்தம் எனக்கு வெளியிலிருந்து கேட்கவில்லை, என் பல்லுக்குள் கேட்டது. மூன்றாவது அடிக்கு மைனி வந்து கதவுக்கு இடையில் தன் தோளைக் கொடுத்தாள். மீன்கறி பட்டு வெந்த அதே தோள்.

அன்று மதியமே ஒரு பையில் நாலு உடுப்பை எடுத்துக்கொண்டு, இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்தபடி பஸ் ஏறினேன். அம்மா படியில் நின்று, "இனி இஞ்ச ஏறாதே," என்றாள். நெய்யாற்றின்கரையில் கட்டு போட்டுக்கொண்டேன். என்னோடு படித்த ஒருத்தி அங்கே நர்ஸாக இருந்தாள். அவளுடைய வாடகை அறையில் தங்கினேன். நான் வேலை பார்த்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் பாறசாலையில். தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். ஒரு கையால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

சாட்சி சொல்வதற்கு முந்தின வாரம் மைனி என்னைத் தேடி வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீ ஒத்தைக்காரி. எனக்கு ரெண்டு பெண்பிள்ளைகள் உண்டு. அவரு உள்ள போனா எங்களை யாரு நோக்கும்? நீ நோக்குவியா?"

"இப்ப அவன் நோக்குதானா மைனி?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்து கழுத்தை மூடினாள். அங்கே விரல் தடங்கள் இருந்தன. பிறகு கையை ஓங்கி என் கன்னத்தில் அறைந்தாள். அவள் வாழ்க்கையில் ஒருவரை அடித்தது அதுதான் முதல் முறையாக இருக்கும். அடித்த கையை அவளே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீ சொல்லு. சொல்லித் தொலை. ஆனா எனக்க முகத்தில இனி முழிக்காதே," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். போகும்போது வாசலில் கால் இடறி விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கப்போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

என் முடிவு அசையவில்லை. அவள் சொன்னது ஒவ்வொன்றும் நியாயம் என்று தெரிந்தும் அசையவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டதும் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றேன். எதிரே குற்றவாளிக் கூண்டில் அண்ணன். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, சபைக்குப் போகிறவன் மாதிரி இருந்தான். கொத்தனார் முன் பெஞ்சில். சட்டைக் கையை முடிச்சுப் போட்டிருந்தார்.

அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். பிறகு அண்ணனின் வக்கீல் எழுந்தார். என் கையைச் சுட்டிக்காட்டி, இந்த விரல்கள் எப்படி ஒடிந்தன என்று கேட்டார். அண்ணன் ஒடித்தான் என்றேன். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அப்படியானால் அந்தப் பகையில்தானே பொய் சொல்கிறீர்கள் என்றார்.

"விரல் ஒடிஞ்சது ஒரு வருஷம் கழிஞ்சாக்கும். வெட்டு நடந்த அன்னைக்கே நான் இதைத்தான் சொன்னேன். ஒப்பு போட்ட தாளு உங்க கையில உண்டு," என்றேன்.

ஜட்ஜ் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வெட்டுப்பட்டவர் கையில் ஆயுதம் இல்லை என்பதில் "உறப்பாணோ?" என்று மலையாளத்தில் கேட்டார். நிச்சயம்தானா என்று.

"உறப்பாணு," என்றேன்.

அண்ணன் கூண்டுக் கம்பியின் மேலாக எட்டி என்னைப் பிடிக்கப் பாய்ந்தான். இரண்டு போலீஸ்காரர்கள் அவனைப் பின்னால் இழுத்தார்கள். அவன் துப்பியது என் கழுத்தில் விழுந்தது. அதைத் துடைக்காமலே கடைசிக் கேள்விவரை நின்றேன்.

ஐந்து வருடம் தண்டனை. தீர்ப்பு நாளில் கோர்ட் முற்றத்தில் அம்மா செருப்பைக் கழற்றி என்னை அடித்தாள். முகத்தில், தலையில், மாறி மாறி. நான் கையைத் தூக்கவில்லை. யாரோ பிடித்து விலக்கினார்கள். அடுத்த மாதம் நாங்கள் இருந்த அறையின் ஜன்னலில் இரண்டு முறை கல் விழுந்தது. ஒரு முறை நர்ஸ் தோழியின் புருவம் கிழிந்தது. அவள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. சபையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சில் பக்கத்தில் இருக்கிறவர்கள் எழுந்து மாறி உட்கார்ந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து நானும் போவதை நிறுத்தினேன்.

கொத்தனாரின் மனைவியை ஒருநாள் பாறசாலை சந்தையில் கண்டேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "நீ சொன்னதுனால எனக்க மாப்பிளைக்கு கை முளைச்சுதா?" என்று கேட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்குக் கோபப்பட வேறு ஆள் கிடைக்கவில்லை. சரி என்று தோன்றியது.

மைனி அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கப் போனாள். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு அவள் கைவிரல்கள் கறுத்து வெந்துபோயிருந்ததை பஸ்ஸில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பேசவில்லை. முகத்தில் முழிக்காதே என்று அவள் சொல்லியிருந்தாள். என்னுடைய விரல்கள் வளைந்தே சேர்ந்தன. அவை அடிக்க வேண்டிய எழுத்துகளை மற்ற விரல்களால் அடிக்கப் பழகினேன். இன்ஸ்டிட்யூட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம் அண்ணன் வெளியே வந்தான். எனக்கு நேரில் தெரியாது, பஸ்ஸில் ஒருத்தி சொன்னாள். நாலு மாதம் கழித்து ஒரு வேலை நாளில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் அறை வாசலில் மைனி நின்றாள். கூட இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் என்னைவிட உயரமாகியிருந்தாள். மைனியின் மேலுதடு இரண்டாகப் பிளந்திருந்தது. காது மடல் கிழிந்து தோடு இல்லை. சின்னவளின் சட்டையில் அம்மாவின் ரத்தம்.

நான் உள்ளே வரச் சொல்லி, கதவைச் சாத்துவதற்குள் அண்ணன் வந்துவிட்டான். கையில் ஒரு காஞ்சிரக் கம்பு. வெயிலில் நடந்து வந்து மூச்சு வாங்கியது. நரைத்திருந்தான்.

"இறக்கி விடு அவளை."

"விடமாட்டேன்."

"உனக்கு ஒருக்கா கிட்டினது போதலியா?"

கம்பு என் தோளில் விழுந்தது. இன்னொன்று விலாவில். வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது அடி கழுத்தோரம் விழுந்தது, கண் இருண்டது. பிடியை விடவில்லை. இன்ஸ்டிட்யூட்டில் மெஷின்களின் சத்தம் நின்றது. பிள்ளைகள் வெளியே ஓடிவந்தார்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் கம்பைப் பிடுங்கினார். அண்ணன் சுற்றிலும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "நீ அன்னைக்கு சொன்னது உள்ளதுதான். ஆனா நீ சொல்லியிருக்கப்பிடாது," என்றான். திரும்பி நடந்தான். அவன் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது.

மைனி உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைக் கழுவிக் கொடுத்தேன். அவள் எழுந்து சேலையைச் சரி செய்தாள்.

"ஸ்டேஷனுக்குப் போயிட்டு வாறேன்."

"நானும் வாறேன் மைனி. இருங்க, சாவி எடுக்கட்டு."

"நீ வராண்டாம். அடி வாங்கினது நானாக்கும். நானே சொல்லுதேன். நீ பிள்ளைகளுக்கு வல்லதும் தின்னக் கொடு."

அந்தக் கிழிந்த உதட்டோடு, பகல் வெளிச்சத்தில், பாறசாலை கடைத்தெரு முழுக்க எல்லோரும் பார்க்க நடந்து போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவள் கால் இடறவில்லை.

நாலு மணிக்கு மேல்தான் திரும்பி வந்தாள். எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றாள். போலீஸ் அண்ணனைப் பிடித்துக்கொண்டுபோய் சில நாள் வைத்திருந்து அனுப்பியது. அவன் அதற்குப் பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு கள்ளிக்காடு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். மைனி அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அவளும் பிள்ளைகளும் என் ஒற்றை அறையில் இருந்தார்கள். பாய் விரித்தால் கதவை முழுதாகத் திறக்க முடியாது. காலையில் முதலில் எழுகிறவள் மற்றவர்களைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும்.